களிமண் பிள்ளையார் வெடிக்காமல் காய ஒரு குறிப்பு

விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையாரைக் கடையில் வாங்காமல், 4 நாட்களுக்கு முன்பே குழந்தைகளுடன் அமர்ந்து களிமண்ணில் செய்து பாருங்கள். மூஞ்சூறுக்கு வால் நீண்டுவிட்டது என்று எங்கள் வீட்டில் எழுந்த சிரிப்பு பண்டிகை முடிந்தும் ஓயவில்லை. கல்லும் வேரும் நீக்கிய மண்ணைச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி ஓர் இரவு வைத்திருங்கள். உருவம் ஒரு சாணுக்கு மிகாமல் இருப்பது நல்லது, ஏனெனில் பருமன் கூடினால் உள்ளே ஈரம் தங்கியிருக்கும்போதே மேற்புறம் சுருங்கி வெடித்துவிடும். தும்பிக்கை, காது, கைகளை ஒட்டும்போது இரு பரப்புகளிலும் ஈர்க்குச்சியால் கீறி, குழைத்த மண்கூழைத் தடவி அழுத்தினால்தான் அவை காய்ந்தபின் உதிராமல் நிற்கும். வெயிலில் வைக்காமல் நிழலில் மெதுவாக உலர விடுங்கள். விரிசல் தென்பட்டால் நனைத்த விரலால் நீவிவிடுங்கள். கண்ணுக்குக் குன்றிமணி பதிப்பது வழக்கம் என்றாலும், அதை மென்று விழுங்கினால் கடும் நஞ்சு என்பதால், சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் மிளகைப் பதிப்பதே பாதுகாப்பானது. பூஜை முடிந்ததும் வாளித் தண்ணீரில் கரைத்து, அந்த நீரைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிடலாம்.