கிங் ரான்ச் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

ஹூஸ்டனிலிருந்தும் டாலஸிலிருந்தும் சவுத் பாட்ரே கடற்கரைக்குக் கிளம்பும் நம்மவர்கள், "போற வழியில கிங் ரான்ச்சையும் ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாம்" என்று திட்டம் போடுவது வழக்கம். தெற்கு டெக்சாஸில் கிங்ஸ்வில் ஊரை ஒட்டிய பிரம்மாண்டமான மாட்டுப் பண்ணை அது. ஃபோர்டு டிரக்குகளில் அந்தப் பெயரைப் பார்த்துப் பழகியிருப்போம். போய்விட்டு வந்த பலர், "தூரத்துல ஒரு வெள்ளை மாளிகையைக் காட்டினாங்க, உள்ளே விடலை, அவ்வளவுதான்" என்று சலித்துக்கொள்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால், தெற்கு டெக்சாஸில் இதைவிட ஆழமாக மனதில் நிற்கும் இடம் வேறு இல்லை.

முதல் தவறு அந்த "ஒரு எட்டு". கிங் ரான்ச்சின் பரப்பு சுமார் 8,25,000 ஏக்கர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல இரண்டு மடங்கு. அதுவும் ஒரே துண்டாக இல்லை. சாந்தா கெர்ட்ரூடிஸ், லாரெலெஸ், என்சினோ, நோரியாஸ் என்று நான்கு பிரிவுகளாக, மெக்சிகோ வளைகுடாக் கரையை ஒட்டிப் பரந்து கிடக்கிறது. நீங்கள் சுற்றுலாப் பேருந்தில் ஏறிப் பார்ப்பது சாந்தா கெர்ட்ரூடிஸ் பிரிவின் ஒரு மூலையை மட்டுமே. அதை வைத்துக்கொண்டு "பண்ணையைப் பார்த்துவிட்டேன்" என்று சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், "உலகத்திலேயே பெரியது" என்று சொல்லித் திரிவதும் சரியில்லை. ஆஸ்திரேலியாவின் ஆனா கிரீக் இதைவிடப் பல மடங்கு பெரியது. டெக்சாஸிலேயே ஒரே வேலிக்குள் அடங்கிய பெரிய பண்ணை என்ற பெயர் வடக்கே உள்ள வாகனர் ரான்ச்சுக்கு உண்டு.

ஒரு ஆள் கட்டிய பண்ணை என்று நினைப்பது

இதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. கதை எப்போதும் ரிச்சர்ட் கிங்கில் தொடங்கும். 1824ல் நியூயார்க்கில் ஏழை ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தவர். நகை வேலை பழக விடப்பட்டவர், 11 வயதில் கப்பலில் ஒளிந்து ஓடிவந்தார். படகில் எடுபிடியாகத் தொடங்கி, ரியோ கிராண்டே ஆற்றில் நீராவிப் படகுக் கேப்டனானார். 1853ல் சாந்தா கெர்ட்ரூடிஸ் ஓடைக்கரையில் 15,500 ஏக்கரை சுமார் 300 டாலருக்கு வாங்கினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏக்கர் இரண்டு சென்ட்!

அந்த விலை ஏன் அவ்வளவு குறைவு என்று யோசிக்க வேண்டும். அந்த நிலமெல்லாம் ஸ்பானிய, மெக்சிகோ அரசுகள் மெக்சிகோக் குடும்பங்களுக்குக் கொடுத்த மானிய நிலம். 1848ல் அமெரிக்க-மெக்சிகோப் போர் முடிந்து எல்லை ரியோ கிராண்டேவுக்கு நகர்ந்தபின், அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் அந்நிய ஆட்சி, அந்நிய மொழி நீதிமன்றம், கொள்ளை, வறட்சி எல்லாவற்றுக்கும் நடுவில் சிக்கினார்கள். விற்றவர்களும் உண்டு, இழந்தவர்களும் உண்டு. முதலில் வாங்கிய அந்த ஓடைக்கரை நிலத்தில் பாதிப் பங்கு தங்களுடையது என்று, கிங்கோடு அதில் பங்கு வைத்திருந்ததாகச் சொல்லப்படும் சேப்மன் என்பவரின் வாரிசுகள் தொடுத்த வழக்கு டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் வரை போய், 2003ல்தான் பண்ணைக்குச் சாதகமாக முடிந்தது. சுற்றுலாவில் இதையெல்லாம் விரிவாகச் சொல்லுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்களே தெரிந்துகொண்டு போங்கள்.

அடுத்து, வேலை செய்தவர்கள். 1854 வாக்கில் கடும் வறட்சி. மெக்சிகோவின் தமௌலிபாஸ் மாநிலத்தில் க்ரூயியாஸ் என்ற ஊரில் கிங் மாடு வாங்கப் போகிறார். ஊரே தன் மாடுகளை விற்றுவிடுகிறது. மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பும் வழியில் அவருக்கு உறைக்கிறது: இருந்த மாட்டையும் விற்ற இந்த ஜனங்கள் இனி எதை வைத்துப் பிழைப்பார்கள்? திரும்பிப் போய், "எல்லோரும் என்னோடு வாருங்கள், வீடும் சோறும் கூலியும் தருகிறேன்" என்று அழைத்ததாகப் பண்ணையின் வரலாறு சொல்கிறது. பெண்கள், பிள்ளைகள், சட்டி பானையோடு நூறு பேர் அளவில் வடக்கே நடந்தார்கள். அவர்களும் அவர்கள் வழி வந்தவர்களும்தான் கினேன்யோக்கள், கிங்கின் ஆட்கள். குதிரை பழக்குவது, கயிறு வீசி மாட்டைப் பிடிப்பது, சூடு போடுவது, முட்காட்டுக்குள் மந்தையைத் திரட்டுவது எல்லாம் இவர்கள் கைவேலை. கிங்குக்குப் படகு ஓட்டத் தெரியும். மாடு வளர்க்கத் தெரிந்தவர்கள் இவர்கள். தாத்தா, அப்பா, பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாக அதே பண்ணையில் பிறந்து, அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே அடங்கிய குடும்பங்கள் உண்டு. முதலாளியை நம்பியே வீடு, பள்ளி, வைத்தியம் எல்லாம் என்ற வாழ்க்கையின் பாதுகாப்பும் கட்டுப்பாடும் நம் ஊர்ப் பண்ணையார் காலத்தைக் கேட்டறிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும்.

கிங்கின் மனைவி ஹென்ரியெட்டாவையும் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1885ல் கணவர் இறந்தபோது அவர் கையில் வந்தது பரந்த நிலமும் சுமார் 5 லட்சம் டாலர் கடனும். பண்ணையின் வக்கீலாக இருந்து பிறகு மருமகனான ராபர்ட் கிளெபர்க்கோடு சேர்ந்து கடனை அடைத்தார். 1925ல் அவர் இறக்கும்போது நிலம் கிட்டத்தட்ட இரு மடங்காகியிருந்தது. 1904ல் ரயில் வந்தபோது தன் நிலத்தைக் கொடுத்து கிங்ஸ்வில் ஊரை உருவாக்கியவரும் அவரே. பாதிரியார் மகள், அங்கே மனை வாங்கியவர்கள் மது விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்தார்.

மாட்டைப் பார்த்துவிட்டு "மாடுதானே" என்று திரும்புவது

பேருந்து ஜன்னலுக்கு வெளியே செர்ரிப் பழச் சிவப்பில் மாடுகள் மேயும். வழிகாட்டி "சாந்தா கெர்ட்ரூடிஸ்" என்பார். அந்த இடத்தில் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். காளையின் தோளுக்கு மேலே இலேசான மேடு தெரியும். கழுத்துக்குக் கீழே தளர்ந்து தொங்கும் அலைதாடி. மினுமினுக்கும் குட்டை மயிர். ஐரோப்பிய மாட்டுக்கு இவை கிடையாது. எங்கிருந்து வந்தன?

பிரிட்டனின் ஷார்ட்ஹார்ன் மாடுகளை இங்கே கொண்டுவந்து விட்டபோது, இறைச்சிக்கு நல்லவைதான் என்றாலும், தெற்கு டெக்சாஸ் வெயிலையும் உண்ணியையும் தாங்க முடியாமல் நலிந்தன. எனவே பிராமன் காளைகளோடு சேர்த்தார்கள். அமெரிக்கர்கள் பிராமன் என்று சொல்லும் அந்த இனம், இந்தியாவின் கிர், குஜராத், ஓங்கோல், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளிலிருந்து உருவானது. சில நேராகப் போயின, பல பிரேசில் வழியாகப் போயின. ஓங்கோல் மாட்டை அவர்கள் நெல்லூர் என்றே அழைத்தார்கள். அந்த வட்டாரம் அப்போது சென்னை மாகாணம். திமில் மாட்டின் தளர்ந்த தோலும் வியர்வைச் சுரப்பிகளும் சூட்டை விரட்டும். உண்ணி அவ்வளவு எளிதில் ஒட்டாது. எட்டில் ஐந்து பங்கு ஷார்ட்ஹார்ன், மூன்று பங்கு பிராமன் என்ற கணக்கில் பல ஆண்டுகள் கலந்து பார்த்தார்கள். 1920ல் "மங்கி" என்ற கன்று பிறந்தது. வளர்ந்து பொலிகாளையானபின் அதன் குணங்கள் கன்றுகளில் பிசகாமல் இறங்கின. அதன் வழிவந்த மந்தையை 1940ல் அமெரிக்க வேளாண் துறை தனி இனமாக ஏற்றது. அமெரிக்காவில் உருவான முதல் இறைச்சி மாட்டினம் அது. காங்கேயம் காளையின் திமிலைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தத் தோள் மேட்டை அடையாளம் காண வழிகாட்டி தேவையில்லை.

உண்ணி சாதாரண விஷயம் இல்லை. டெக்சாஸ் மாடுகள் உண்ணிக் காய்ச்சலைத் தாங்கிப் பழகியவை. ஆனால் அவை வடக்கே ஓட்டிச் செல்லப்பட்டபோது வழியிலிருந்த மந்தைகள் செத்து விழுந்தன. மாநிலங்கள் வழியை மறித்தன. மருந்து கலந்த தொட்டியில் மாட்டை முழுக நடக்கவிடும் முறையை முதலில் கட்டிப் பார்த்தவர்களில் ராபர்ட் கிளெபர்க்கும் ஒருவர். இதில் இன்னொரு இந்தியத் தொடர்பும் உண்டு. நோரியாஸ் பக்கம் 1930 வாக்கில் விடப்பட்ட நீலகாய் மான்கள் இன்று தெற்கு டெக்சாஸ் எங்கும் பல்லாயிரமாகப் பெருகிவிட்டன. அதே உண்ணியை அவை சுமந்து திரிவதால், எல்லை தாண்டி அது பரவாமல் தடுப்பது இப்போது பெரும்பாடு. பேருந்திலிருந்து நீலகாய் கண்ணில் பட்டால் "அட, நம்ம ஊர் மான்!" என்று மகிழலாம். ஆனால் அந்தப் புல்வெளிக்கு அது வந்தேறி என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். புதர்புதராக நிற்கும் மெஸ்கிட் மரமோ நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. இலையைப் பார்த்தாலே தெரியும்.

குதிரைப் பிரியர்களுக்கு ஒரு வரி: 1946ல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்ற அசால்ட் இந்தப் பண்ணைக் குதிரை. மாட்டால் மட்டுமே இவ்வளவு பெரிய பண்ணை நின்றது என்றும் நினைக்க வேண்டாம். 1933ல் ஹம்பிள் எண்ணெய் நிறுவனத்தோடு போட்ட குத்தகை பண்ணையைத் தூக்கி நிறுத்தியது. இன்று பருத்தி, சோளம், ஃபுளோரிடாவில் ஆரஞ்சு, கரும்பு என்று தொழில் விரிந்திருக்கிறது.

போகும்போது

பார்வையாளர் மையமும் அருங்காட்சியகமும் ஒரே இடத்தில் இல்லை. இதில் ஏமாறுபவர்கள் அதிகம். மையம் கிங்ஸ்வில்லுக்கு மேற்கே, 141ஆம் நெடுஞ்சாலையில், பண்ணை வாசலை ஒட்டி இருக்கிறது. பேருந்துச் சுற்றுலா கிளம்புவது அங்கிருந்து. அருங்காட்சியகம் ஊருக்குள், பழைய ஐஸ் ஃபேக்டரிக் கட்டடத்தில். பண்ணையின் சேணக் கடையும் ஊருக்குள்தான். நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை, முன்பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள். நேரம் இருந்தால் அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள் என்பேன். 1940களில் டோனி ஃபிரிசெல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் கினேன்யோக்களின் முகங்களைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் ஏறினால், வெளியே தெரியும் வெற்றுப் புல்வெளி வேறு மாதிரித் தெரியும். வேட்டைக்கென்றே மாற்றிக் கட்டிய 1949 பியூக் கார் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

1915ல் கட்டி முடித்த பெரிய வீடு குடும்பத்தின் சொந்த வீடு. வெளியிலிருந்து மட்டுமே பார்க்கலாம். அதை எதிர்பார்த்துப் போகாதவர்களுக்கு ஏமாற்றமும் இல்லை. கவ்பாய் வித்தைகள், குதிரைச் சவாரி என்றும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். வேலை நடக்கிற இடம் அது. இப்போது மந்தை திரட்ட ஹெலிகாப்டரே வருகிறது.

சாலையோரம் வண்டியை நிறுத்திக் கம்பிவேலி தாண்டிப் போட்டோ எடுப்பது கூடவே கூடாது. டெக்சாஸில் கம்பத்திலோ மரத்திலோ ஊதா நிறக் கோடு பூசியிருந்தால் "உள்ளே வராதே" என்று சட்டப்படி அர்த்தம், பலகை வேண்டியதில்லை.

கோடையில் மதிய நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பிள்ளைகளும் தாங்க மாட்டார்கள், விலங்குகளும் நிழலுக்குப் போய்விடும். நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். பறவை பார்க்கிறவர்கள் சாதாரணப் பேருந்துச் சுற்றுலாவுக்குச் சீட்டு வாங்கிவிட்டு வருந்துவதுண்டு. அவர்களுக்கென்று தனி இயற்கைச் சுற்றுலா இருக்கிறது, அதை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். நோரியாஸில் தென்படும் குட்டி ஆந்தைக்காகவே தூரதேசத்திலிருந்து வருகிறார்கள். நவம்பரில் பண்ணையில் நடக்கும் திறந்தவெளிக் காலை விருந்துக்குக் கூட்டம் அலைமோதும். சைவர்கள் முட்டை, இறைச்சி என்ற மெனுவைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது.

கடைசியாகச் சாலை. கார்பஸ் கிறிஸ்டியிலிருந்து கிங்ஸ்வில் சுமார் 65 கிலோமீட்டர். அதுவரை சிக்கல் இல்லை. அங்கிருந்து 77ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போகும்போது, சரீட்டாவைத் தாண்டினால் ரேமண்ட்வில் வரை இருபுறமும் பண்ணை நிலம்தான், பெட்ரோல் பங்க் தேட வேண்டியிருக்கும். கிங்ஸ்வில்லிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது சரீட்டாவுக்குத் தெற்கே எல்லைக் காவல் சோதனைச் சாவடியில் வடக்கு நோக்கி வரும் வண்டிகளை நிறுத்திக் கேட்பார்கள். எச்-1பி, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் அசல் பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) அச்சுப்படி, மாணவர்களானால் ஐ-20 படிவம், எல்லாவற்றையும் கையில் வைத்திருங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவின் பாஸ்போர்ட்டை "எதுக்கு, பத்திரமா வீட்டுலயே இருக்கட்டும்" என்று விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.