தலைப்பு நின்றது, கோடு ஓடியது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சித்தப்பாவின் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை எடைக் கணக்குக்கு ஒரு வலைச் செயலி எழுதினேன். பட்டியல் நீளம். கைப்பேசியில் கீழே தள்ளியதும் எது எடை, எது ரிங்கிட் என்று அவருக்குத் தெரியவில்லை. தலைப்புக் கட்டங்கள் மேல் விளிம்பிலேயே ஒட்டி நிற்க, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியில் ‘பொசிஷன்: ஸ்டிக்கி’, ‘டாப்: 0’ கொடுத்தேன். தலைப்பு நின்றது, அதன் அடிக்கோடு மட்டும் வரிகளோடு நகர்ந்து மறைந்தது.

இரண்டு இரவுகள் நிறத்தையும் தடிமனையும் மாற்றிப் பார்த்தேன். குற்றம் அங்கே இல்லை. அட்டவணைக்கு ‘பார்டர்-கொலாப்ஸ்: கொலாப்ஸ்’ என்றிருந்தால் அடுத்தடுத்த கட்டங்கள் ஒரே கோட்டைப் பகிர்ந்துகொள்கின்றன; தலைப்புக்கென்று தனிக்கோடு இல்லை. கட்டத்துக்குக் கட்டம் தனிக்கோடு கிடைக்க அதை ‘செபரேட்’ ஆக்கி, கட்டங்களின் இடைவெளியான ‘பார்டர்-ஸ்பேசிங்’கை 0 என வைத்தேன். கோடு அசையவில்லை. தலைப்புக்குப் பின்னணி நிறமும் அவசியம், இல்லாவிட்டால் கீழே நகரும் எண்கள் ஊடே தெரியும்.

எண்களை வலப்பக்கம் ஒதுக்கியபோது, “இப்போதுதான் கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கிறது, தம்பி” என்றார் சித்தப்பா.