ஐப்பசியில் கோடியக்கரை: கேமராக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசியில் கோடியக்கரைச் சதுப்பில் வலசைப் பறவைகள் கூடிவிடும். பூநாரை, உள்ளான், உப்புக்கொத்தி, ஆலா என வரிசை நீளும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2002-இல் சேர்ந்த ஈரநிலம் இது. இங்கே படங்கள் கெடுவதற்குப் பெரும்பாலும் லென்ஸ் காரணமில்லை. பறவையை நெருங்கத் துடிக்கும் அவசரம்தான்.

பூநாரை நின்ற இடத்திலிருந்து சட்டென்று எழும்பாது. தண்ணீரில் சில எட்டு ஓடித்தான் மேலேறும். அதனால் கூட்டம் மேய்வதை நிறுத்தி, தலை நிமிர்த்தி, ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். மெல்லப் பின்வாங்குங்கள். பறக்கும் படம் வேண்டுமென்று கை தட்டுகிறவர்களும் உண்டு. வடதுருவப் பக்கமிருந்து வந்த கொசு உள்ளானுக்கு, வழியில் கரைந்த கொழுப்பை மீட்க ஒவ்வொரு வேளை இரையும் முக்கியம். அப்படி விரட்டி எடுத்த படத்தில் வாலும் முதுகும்தான் விழும், அது வேறு விஷயம்.

வெயில் ஏறினால் உப்பளத்தின் மேல் கானல் நெளியும். தூரத்துப் பறவை கலங்கித்தான் பதியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் இதேதான். விடிந்தவுடன் போய்விடுங்கள். பளிச்சிடும் நீர்ப்பரப்பைப் பார்த்து ஏமாறும் கேமரா, பறவையைக் கறுப்பாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவை, சற்றுக் கூட்டுங்கள். புதர் நிழலுக்கு முன்னால் நிற்கும் கொக்குக்கோ குறைக்க வேண்டும், இல்லையேல் இறகெல்லாம் வெள்ளைத் திட்டாகிவிடும்.

செடிகள் ஓடிப்போகாது என்பதாலேயே பலர் அலட்சியமாக எடுக்கிறார்கள். செங்காந்தள் பூக்கும் பருவம் இது. பூவை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். இலையின் நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டு பக்கத்துக் கிளையைப் பிடித்திருக்கும். அதுதான் இந்தக் கொடியின் அழகான அடையாளம். விரிந்த புதிதில் பச்சை மஞ்சளாக இருக்கும் இதழ், நாளாக ஆகச் சிவக்கும். ஒரே கொடியில் இரண்டு நிறமும் கிடைக்கும். வெளிச்சத்துக்காகக் கொடியை இழுக்கவோ பறிக்கவோ வேண்டாம். கிழங்கு உட்பட முழுச் செடியும் நஞ்சு. உவர்நிலச் செடியான உமரி படர்ந்த இடங்களில் வரப்பைவிட்டு இறங்காதீர்கள். மிதித்த தடம் எளிதில் மறையாது.

கடற்காற்று லென்ஸில் உப்புத் துளியைப் படியவைக்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பொடி கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுகுமிழால் (காற்றை ஊதும் ரப்பர் குமிழ்) பொடியை ஊதித் தள்ளி, பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள்.