மவுஸைத் தொடாமல் கெதியாக் கொப்பி பண்ண

திருநெல்வேலிச் சந்தியடியில ஸ்டூடியோ வச்சிருக்கிற மச்சான், கலியாணவீட்டுப் படங்களை மவுஸால இழுத்து இழுத்தே பென்ட்ரைவில போடுவார். டோட்டல் கொமாண்டர் எண்டது ஃபைல்களை இடம், வலம் எண்டு ரெண்டு பக்கமாக் காட்டுற ஒரு மென்பொருள். அதில அந்தக் கரைச்சல் இல்லை. ஆல்ட்+எஃப்1 இடப்பக்கத்துக்கு, ஆல்ட்+எஃப்2 வலப்பக்கத்துக்கு ட்ரைவைத் தெரிவு செய்ய. டாப் அடிச்சால் மற்றப் பக்கம். எஃப்5 கொப்பி, எஃப்6 நகர்த்தல். ரெண்டையும் மாறி அடிச்சிடாதேங்கோ, மூலப்படமே இடம் மாறிப் போயிடும்.

நான் கூடப் பாவிக்கிறது ஸ்பேஸ்பார்தான். போல்டரில நிண்டு அடிச்சால் அதைத் தெரிஞ்செடுக்கிறதோட அதின்ர அளவையும் காட்டும். பென்ட்ரைவில கொள்ளுமோ எண்டு முதலே பாத்திடலாம். அடிக்கடி போற போல்டர்களைக் கன்ட்ரோல்+டி பட்டியலில சேர்த்து வையுங்கோ. பேக்ஸ்பேஸ் ஒரு படி மேல கொண்டுபோகும். காசு குடுக்க விருப்பமில்லாட்டி டபிள் கொமாண்டர் இருக்கு, இலவசம். விசைகள் பெரும்பாலும் இதேதான்.