சீல் உடைக்காத பழைய ஊசி: ரெக்கார்டு பிளேயர்காரர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். கையில் பழைய ரெக்கார்டு பிளேயரின் ஹெட் ஷெல், அதாவது ஊசி மாட்டும் தலைப்பகுதி. ஊசி துள்ளாமல் இருக்க, எடைக்காக அதன் மேல் செலோடேப் போட்டு ஒட்டிய நாலணா, 2011-லேயே செல்லாமல் போன காசு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் நான் ஒட்டியதும் அதே நாலணாதான்.

தூசி துடைப்பது, முனையை விரலால் தொடாமல் இருப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பெட்டி பிரிக்காத பழைய ஊசியை நம்புவது

ஊசியின் அசைவை மின் சிக்னலாக மாற்றும் மேக்னெட்டிக் கார்ட்ரிட்ஜின் உடம்பு லேசில் கெடாது. உள்ளே இருப்பது கம்பிச் சுருள். அது அறுந்தால்தான் கதை முடியும். ஷ்யூர் கம்பெனியின் எம்44, எம்75 போன்ற பழைய கார்ட்ரிட்ஜ்கள் இன்றும் பாடுவது அதனால்தான். தேய்வது ஊசி. 2018-இல் ஷ்யூர் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்தியதிலிருந்து பழைய சரக்குக்கு ஏக கிராக்கி.

நான் வாங்கியது அதற்கு ரொம்ப முன்னால், வேறொரு கார்ட்ரிட்ஜுக்கு. பாரிமுனைப் பக்கம் கிடைத்தது. வைர முனை, ஒரு தடவைகூட ஓடாதது. ஒன்றரை கிராம் எடையில் வைத்தேன், துள்ளியது. எடையைக் கூட்டினேன், அப்போதும் துள்ளியது. சரி என்று நாலணாவை ஒட்டினேன். அதுவே இரண்டரை கிராமுக்குக் குறையாது. துள்ளல் நின்றது. அப்பா வாங்கிய நாதஸ்வர எல்.பி. ஒரு பக்கம் முழுக்க ஓடியது. தூக்கிப் பார்த்தால் முனையைச் சுற்றி மை அப்பிய மாதிரி கறுப்புத் தூள். தூசி இல்லை, தட்டேதான். இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் நாதஸ்வரம் உச்சிக்குப் போனால் கரகரப்புதான் கேட்கிறது.

முனையைத் தாங்கும் மெல்லிய கான்டிலீவரின் வேரில் கடுகளவு ரப்பர் இருக்கிறது. வைரத்துக்கு வயசாகாது, ரப்பருக்கு ஆகும். பெட்டிக்குள் தூங்கினாலும் இறுகும். சிலது இளகித் தொங்கிவிடும். இறுகிய ஊசி பள்ளத்தின் நெளிவோடு அசையாது, செதுக்கிக்கொண்டே போகும். தகரக் கூரைக்கு அடியில் பத்துக் கத்திரி வெயிலைப் பார்த்த சரக்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

வாங்கும் முன் பக்கவாட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மெல்லிய பிரஷ்ஷால் லேசாகத் தொட்டால் கான்டிலீவர் அசைந்து பழைய இடத்துக்கு வர வேண்டும். தொடவே விடாதவரிடம் வாங்காதீர்கள். ஓடும்போது ச, ஸ ஒலிகள் சீறினால் உடனே டோன் ஆர்மை, அதாவது ஊசித்தலை மாட்டிய கையைத் தூக்கிவிடுங்கள். ஜப்பானில் ஜிகோ என்ற கம்பெனி பல பழைய கார்ட்ரிட்ஜ்களுக்கு இன்றும் புதிதாக ஊசி செய்கிறது. பெட்டியில் பழைய பெயர் இல்லையே என்று அதை ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தம்பியின் ஊசியும் கல்லாகத்தான் இருந்தது. "சீலை நானேதாண்ணே உடைச்சேன்" என்றார்.

கார்ட்ரிட்ஜைக் காயலான் கடைக்குப் போடுவது

மல்டிமீட்டரில் இடது, வலது சேனல் சுருள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஓம் காட்டுகிறதா? வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒரு ஊசி குடுங்க" என்று மொட்டையாகக் கேட்பது

எம்75 கார்ட்ரிட்ஜுக்கு என்75 ஊசி, எம்44-க்கு என்44. எண் அழிந்திருந்தால் பழைய ஊசியையே பிளாஸ்டிக் பிடியோடு எடுத்துப் போங்கள்.

78 முனையில் எல்.பி. ஓட்டுவது

பழைய செராமிக் கார்ட்ரிட்ஜ் பலவற்றில் எல்.பி.க்கு ஒன்று, நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுக்கு ஒன்று என்று இரண்டு முனையும் ஒரே தலையில் இருக்கும், திருப்பினால் மாறும். எல்.பி. முனையின் ஆரம் சுமார் 18 மைக்ரான், 78-க்கானது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

ஒடிந்த கான்டிலீவரைப் பசை போட்டு ஒட்டுவது

வேண்டாம்.