சாரையும் தவளையும் கொக்கும்: நம் கணக்கில் விடுபடும் உயிர்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வனவிலங்குப் பாதுகாப்பு என்றதும் யானையும் குமண தேசியப் பூங்காவின் சிறுத்தையுமே பேச்சில் முந்துகின்றன. வயலிலும் வாவிக்கரையிலும் நாள்தோறும் கண்ணில்படும் உயிர்களைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஏராளமாக இருப்பது அழியாது என்ற நம்பிக்கையே முதல் தவறு. இந்தியாவில் எங்கும் நிறைந்திருந்த வெண்முதுகுப் பிணந்தின்னிக் கழுகுகள், கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்குளோஃபினாக் வலிநிவாரணியால் சிறுநீரகம் பழுதாகி, 1992க்கும் 2007க்கும் இடையில் 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டன. கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து 2006இல் தடைசெய்யப்பட்டபோது காலம் கடந்திருந்தது.

வட்டை எனப்படும் நம் வயல்வெளிகளில் மிகுதியாக நடக்கும் தவறு, சாரைப்பாம்பைக் கண்டவுடன் அடித்துக் கொல்வது. சாரைக்கு நஞ்சில்லை, பகலில் வரம்போரம் எலிவளைகளைத் தேடித் திரியும் அது, ஆளைக் கண்டால் விரைந்து ஓடவே பார்க்கும். பருத்த உடலும் முதுகில் சங்கிலிபோல் வட்டப் புள்ளிகளும் கொண்டு, சுருண்டு கிடந்து சீறும் கண்ணாடி விரியனோடு அதைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. சாரை நாகத்தோடு சேருவதாகச் சொல்லப்படும் கதையும் பிழையே. பின்னிப் பிணைந்து எழுவன பெரும்பாலும் தம்முள் போரிடும் இரண்டு ஆண் சாரைகள். சாரை குறைந்த வயலில் எலி பெருகினால் கதிர் போவதோடு நில்லாது, எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு இறங்குபவருக்கு எலிக்காய்ச்சல் தொற்றும் வாய்ப்பும் கூடுகிறது. அதற்காக நஞ்சு வைத்தாலோ, நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் சேர்ந்து சாகிறது.

வரம்புப் புல்லை வேரோடு கருக்கும் அளவுக்குக் களைநாசினி அடிப்பதும், அறுவடைக்குப் பின் வைக்கோலுக்குத் தீவைப்பதும் தவளைக்கும் சிலந்திக்கும் ஒதுங்க இடமில்லாமல் ஆக்குகின்றன. பூச்சியைத் தின்பவை போனபின் கிருமிநாசினிச் செலவு கூடுவதில் வியப்பில்லை.

அரிய விலங்கைத் தனியே காப்பாற்றிவிடலாம் என்று நினைப்பதும் தவறு. புள்ளிமான் குறைந்த காட்டில் சிறுத்தை எதைத் தின்னும்?

பறவை பார்க்கப் போவோரும் ஒரு தவறு செய்கிறார்கள். குமணவில் கருங்கழுத்து நாரையைக் கண்டால் நாளும் இடமும் குறித்துவைப்பவர்கள், மாரிக்கால நெற்செய்கையான பெரும்போகத்தின் உழவில் உழவு இயந்திரத்தின் பின்னால் திரளும் உண்ணிக்கொக்குகளை எண்ணுவதே இல்லை. ஆண்டுதோறும் ஒரே வட்டையில், ஒரே பருவத்தில், ஒரே நேரத்தில் எண்ணி எழுதிவைத்தால்தான் அவை குறைகின்றனவா என்பது தெரியும்; ஒரு குறிப்புப் புத்தகமும் ஒரு காலைப்பொழுதும் அதற்குப் போதும்.