வக்கீலை மாற்றக் கடிதம் எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகள்

வக்கீலை மாற்ற நினைத்து என்னிடம் வருகிற பலர், பழைய வக்கீலுக்குத் தாங்களே இங்கிலீஷில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டுத்தான் வருகிறார்கள். எழுத்துப்பிழை இருந்தால் பரவாயில்லை, சொல் தப்பினால்தான் வம்பு.

ஃபயர், சாக்

வேலையாளைத் துரத்தும்போது சொல்வது. கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதுங்கள்.

டிஸ்சார்ஜ்

அமெரிக்காவில் வக்கீலை விலக்க இதுதான் சரியான சொல். இங்கே கிரிமினல் கோர்ட் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவிப்பதற்குச் சொல்வது.

வித்ட்ரா

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இது. நிலத் தகராறில் வழக்குப் போட்ட ஒருவர், "ஐ வித்ட்ரா மை கேஸ் ஃப்ரம் யூ" என்று மகனை விட்டு எழுத வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அவர் நினைத்தது, வழக்குக் காகிதக் கட்டை வாங்கி வேறு வக்கீலிடம் கொடுப்பது. பழைய வக்கீலோ, கட்சிக்காரர் வழக்கையே வாபஸ் வாங்குகிறார் போல என்று அடுத்த வாய்தாவுக்குப் போகவில்லை. யாரும் ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடி, அதை மீட்க முப்பது நாளுக்குள் மனு, அதற்குத் தனிச் செலவு. இதுகூடத் தேவலாம். நிஜமாகவே வழக்கு வாபஸ் ஆகியிருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 23 விதி 1-இன்படி, புது வழக்குப் போட அனுமதி வாங்காமல் வாபஸ் வாங்கியவர் அதே விஷயத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது. வக்காலத்தை, அதாவது வக்கீல் உங்களுக்காக ஆஜராக நீங்கள் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை, 'வித்ட்ரா' செய்வது வக்கீல் தானாக விலகும்போது, கட்சிக்காரர் எழுத வேண்டிய சொல்லே இல்லை அது.

கடிதத்தில் 'டெர்மினேட் யுவர் என்கேஜ்மென்ட்' (உங்களை அமர்த்தியதை முடித்துக்கொள்கிறேன்) போதும், வக்காலத்தைப் பற்றி எழுதினால் 'ரிவோக்' (ரத்து செய்கிறேன்). வழக்கு எண், கோர்ட் பெயர், வழக்கு தொடர்ந்து நடக்கும் என்று ஒரு வரி, இவை கட்டாயம்.

கடிதத்தோடு முடிந்தது என்று நினைப்பது

முடியவில்லை. அதே சட்டத்தின் கட்டளை 3 விதி 4 சொல்வது, நீங்கள் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது கோர்ட்டில் தாக்கலாகி, கோர்ட் அனுமதித்தால்தான் பழைய வக்காலத்து முடியும். புது வக்கீல் ஆஜராகப் பழையவரின் ஒப்புதல் வேண்டும், கிடைக்காவிட்டால் காரணம் சொல்லி கோர்ட் அனுமதி வாங்க வேண்டும்.

ஃபீஸ் பாக்கிக்குப் பயந்து கட்டைக் கேட்காமல் இருப்பது

பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 2000-இலேயே சொல்லியாகிவிட்டது. பாக்கியை வசூலிக்க அவருக்கு வேறு வழி உண்டு, நீங்கள் கட்டைக் கேளுங்கள்.